மறு: சுரங்கப் பாதுகாப்பு விளக்கு – ‘சுடர்மறி விளக்கு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கசியும் வாயுவைப் பற்றவைக்காமல் எரியும்படி அமைத்த எண்ணெய் விளக்குக்கு (ஆங்கிலத்தில் safety lamp) இந்த இழையில் இதுவரை பாதுகாப்பு விளக்கு, காவல் விளக்கு, தீக்காப்பு விளக்கு, டேவி விளக்கு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: சுடர்மறி விளக்கு. கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. அந்த விளக்கு உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் பெயர் கிட்டத்தட்ட தானாகவே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

> ‘பாதுகாப்பு விளக்கு’ எல்லோருக்கும் புரிகிறதே, அப்புறம் எதற்குப் புதுச்சொல்?

புரிகிறதுதான். ஆனால் எது புரிகிறது? மின்சாரம் போனால் எரியும் விளக்கும் பாதுகாப்பு விளக்குதான், வாசலில் இரவெல்லாம் எரிவதும் அதுதான். போதாக்குறைக்கு, கண்ணாடியும் கைப்பிடியும் கொண்ட ஒரு விளக்கைப் படத்தில் பார்க்கிற மாணவர் அதை அரிக்கேன் விளக்கின் உறவு என்றே எடுத்துக்கொள்வார். அரிக்கேன் விளக்கின் கூண்டு காற்றிடமிருந்து சுடரைக் காக்கிறது. சுரங்க விளக்கின் கூண்டு சுடரிடமிருந்து காற்றைக் காக்கிறது. வேலை நேர் தலைகீழ். இந்தத் தலைகீழைக் காட்டாத எந்தச் சொல்லும் எனக்குப் போதவில்லை.

நிலக்கரிப் படுகையிலிருந்து மெத்தேன் கசிந்துகொண்டே இருக்கும். காற்றில் அது சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு சுடர் போதும், வெடித்துவிடும். ஒன்பது, பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வெடிப்பு மிகக் கடுமையாக இருக்கும். விளக்கில்லாமல் நிலத்தடியில் வேலை செய்ய முடியாது, விளக்கு ஏற்றினாலோ சாவு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சுரங்கங்களில் எஃகுச் சக்கரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லில் உரசி, அந்தப் பொறி வெளிச்சத்தில் வேலை பார்த்தார்கள். அந்தப் பொறியும் வாயுவைப் பற்றவைத்தது. அழுகும் மீன்தோலின் மங்கிய ஒளியைக்கூட முயன்று பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு நெருக்கடியில் இருந்திருந்தால் அதுவரை போயிருப்பார்கள்!

1812 மே 25 அன்று வடகிழக்கு இங்கிலாந்தில் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்தது. 92 பேர் இறந்தார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. அதையொட்டிய ஆண்டுகளில் மூன்று பேர் தனித்தனியாக இந்தச் சிக்கலில் இறங்கினார்கள். மருத்துவர் வில்லியம் ரீட் கிளானி, துருத்தியால் காற்றைத் தண்ணீர் வழியே ஊதி அனுப்பும் விளக்கை 1813-இல் காட்டினார். கில்லிங்வொர்த் சுரங்கத்தின் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன், சிறு குழாய் வழியே காற்றெடுக்கும் விளக்கை 1815 அக்டோபரில் சுரங்கத்துக்குள் தானே கொண்டுபோய்ச் சோதித்தார். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி அதே ஆண்டு நவம்பரில் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் தம் ஆய்வைப் படித்தார். அவருடைய கம்பிவலை விளக்கு 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்துக்குள் இறங்கியது.

> அப்படியானால் ‘டேவி விளக்கு’ என்றே விட்டுவிடலாமே.

டேவி செய்த மாதிரிக்கு மட்டும் அந்தப் பெயர் இருக்கட்டும். பொதுப்பெயராக வைத்தால் மற்ற இருவருக்கும் அநியாயம். அதைவிட முக்கியம், பிறகு மற்றவர்கள் மேம்படுத்திக் கொண்டுவந்த முசெலர், மார்சோ, உல்ஃப் விளக்குகளை எந்த வகையில் சேர்ப்பது? அவற்றையும் டேவி விளக்கு என்றால் அது தகவல் பிழை.

சரி, கம்பிவலைக்கு வருவோம். இங்கேதான் பெயர் இருக்கிறது. டேவியின் வலையில் ஒரு அங்குலத்துக்கு 28 கம்பிகள், அதாவது ஒரு சதுர அங்குலத்தில் 784 துளைகள். வெளிக்காற்று தாராளமாக உள்ளே வரும். அதில் மெத்தேன் இருந்தால் அதுவும் வரும், வலைக்குள்ளேயே எரியவும் செய்யும். ஆனால் எரியும் வாயு அந்த நுண்துளைகள் வழியே வெளியேறப் பார்க்கும்போது சுற்றியுள்ள உலோகக் கம்பி அதன் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. துளையைத் தாண்டி வருவது வெறும் சூடான புகைதான். வெளியே காத்திருக்கும் மெத்தேனைப் பற்றவைக்கும் வெப்பம் அதில் இல்லை. காற்றுக்கு வழி உண்டு, வெளிச்சத்துக்கு வழி உண்டு, சுடருக்கு மட்டும் வழி மறிக்கப்படுகிறது.

ஆகவே ‘மறி’. ஆளை வழிமறிக்கிறோம், ஆற்றை மறித்து அணை கட்டுகிறோம், சாலை மறியல் என்கிறோம். போகும் ஒன்றை அதன் பாதையில் நிறுத்துவதற்கு நம்மிடம் இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. ‘தடு’ என்பது வராமலே செய்வதையும் குறிக்கும். சுடர்த்தடுப்பு விளக்கு என்றால் சுடரே எழாத விளக்கு என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ‘அடங்கு’ என்ற வினையையும் எண்ணிப் பார்த்தேன், ஆனால் அடங்கிய சுடர் என்றால் அணையப்போகும் சுடர் என்று காதில் விழுகிறது. ‘தீக்காப்பு’ ஏற்கெனவே கட்டடங்களின் தீயணைப்பு ஏற்பாடுகளுக்குப் போய்விட்டது, அதைத் திரும்ப இழுக்க வேண்டாம்.

> மறி என்றால் ஆட்டுக்குட்டி அல்லவா?

பழைய வழக்கில் உண்டு. ஆனால் ‘சுடர்’ முன்னால் நிற்கும்போது யாருக்கும் ஆடு நினைவுக்கு வராது. ‘மறிதல்’ என்று தன்வினையாக எடுத்தால் திரும்புதல் என்ற பொருளும் வரும். அலை கரையில் மறிகிறது என்போம். வலையில் முட்டித் திரும்பும் சுடருக்கு அதுவும் ஒத்துத்தான் போகிறது.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லை நான் தவிர்க்க விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த விளக்கு முழுப் பாதுகாப்பு தரவில்லை. நொடிக்குச் சுமார் இரண்டு மீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே திறந்த வலை கொண்ட டேவி விளக்கில் சுடர் வலையைத் தாண்டிவிடக்கூடும். வலைக்குள் வாயு தொடர்ந்து எரிந்தால் கம்பி செக்கச்செவேலென்று பழுக்கும், பழுத்த கம்பி மறிக்காது. ஒரு கம்பி துருப்பிடித்து அறுந்தாலும் முடிந்தது. வலை வெளிச்சத்தையும் குறைத்ததால், கண் தெரியாமல் தவித்த தொழிலாளர்கள் அதைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வெட்டிய கரியின் அளவுக்குத்தான் கூலி. இன்னொரு பக்கம், ‘இப்போதுதான் பாதுகாப்பு விளக்கு வந்துவிட்டதே’ என்று, முன்பு வாயு மிகுதியென்று கைவிட்ட பகுதிகளையெல்லாம் முதலாளிகள் திரும்பத் திறந்தார்கள். விளக்கு வந்த பிறகும் வடகிழக்கு இங்கிலாந்தில் வெடிப்புச் சாவுகள் குறையவில்லை. 1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு இதைக் கவனித்து எழுதியது. பெயரிலேயே ‘பாதுகாப்பு’ என்று உறுதி கொடுத்த கருவி இது. தமிழிலும் அந்த உறுதியை ஏன் திரும்பக் கொடுக்க வேண்டும்? என்ன செய்கிறதோ அதைச் சொன்னால் போதும்.

பிறகு வந்த மாற்றங்கள் எல்லாமே மறிப்பை இறுக்கியவைதான். சுடரைச் சுற்றிக் கண்ணாடி, மேலே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலைகள், காற்று நேரடியாக அடிக்காதபடி அவற்றின்மேல் ஒரு தகட்டுக் கவசம், உள்ளே போய் யாரும் திறக்காமலிருக்க ஈய முத்திரை அல்லது காந்தப் பூட்டு. உல்ஃப் விளக்கில் அணைந்த திரியைத் திறக்காமலேயே உள்ளிருந்து ஏற்றவும் வழி இருந்தது.

> இன்று எல்லோரும் தலையில் மின்விளக்குதானே அணிகிறார்கள்? அதற்கும் இதே சொல்லா?

கூடாது. அது வேறு கருவி. 1910-களில் அமெரிக்காவில் எடிசனின் மின்கலத்தோடு பரவிய தொப்பி விளக்கில் சுடரே கிடையாது. குமிழ் உடைந்தால் பழுத்த இழை வாயுவைப் பற்றவைக்காமல் இருக்க, உடைந்ததும் மின்தொடுப்பைத் துண்டிக்கும் சுருள்வில் வைத்தார்கள். அதை ‘நெற்றி விளக்கு’ என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘சுரங்கக் காப்பு விளக்கு’ என்று பொதுப்பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் பிரித்தே ஆக வேண்டியதற்குக் காரணம், நெற்றி விளக்கு நல்ல வெளிச்சம் தருமே தவிர, வாயு இருக்கிறதா என்று சொல்லாது. சுடர் சொல்லும். அதனால் தொழிலாளர்கள் மின்விளக்குக்கு மாறிய பின்னும் மேற்பார்வையாளர்கள் சுடர் விளக்கை வெகுகாலம் கையில் வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் திரியைத் தாழ்த்தி, மஞ்சள் ஒளி மறைகிற அளவுக்குச் சுடரைச் சிறிதாக்குவார். பிறகு விளக்கை மெல்ல மெல்லக் கூரையை நோக்கி உயர்த்துவார், மெத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தங்கும். வாயு இருந்தால் அந்தச் சின்னச் சுடரின் தலையில் வெளிர்நீலத்தில் ஒரு கூம்பு எழும். ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டி அது கண்ணுக்குத் தட்டுப்படும். சதவீதம் ஏற ஏறக் கூம்பும் உயரும், ஐந்தை நெருங்கினால் விளக்கு முழுக்க நீலம் பரவிவிடும். அப்போது பதறி வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இழுக்கும் வேகமே சுடரை வலைக்கு வெளியே தள்ளிவிடலாம். நிதானமாகத் தாழ்த்தி, நிதானமாகப் பின்வாங்க வேண்டும். தரையோரம் தாழ்த்தினால் இன்னொன்று தெரியும். கரியமில வாயு தேங்கி ஆக்ஸிஜன் 16, 17 சதவீதத்துக்குக் குறைந்திருந்தால் சுடர் அணைந்துவிடும். மனிதர் அப்போதும் மூச்சுவிட்டுத் திரும்பிவர முடியும் என்பதால் அது நேரத்தோடு வரும் எச்சரிக்கை.

அந்த நீலக் கூம்புக்கு ‘நீலத் தொப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தொப்பி விளக்கோடு குழம்பும். ‘நீலமுடி’ என்றால் சுருக்கமாகவும் படமாகவும் இருக்கிறது.

வாயுக்களின் பெயர்களையும் இதோடு தீர்த்துவிடலாம். சுரங்க மெத்தேனின் ஆங்கிலப் பெயரான ஃபயர்டாம்ப் என்பதை ‘நெருப்பீரம்’ என்று யாரோ பெயர்த்திருப்பதைப் பார்த்தேன். அங்கே டாம்ப் என்பதற்கும் ஈரத்துக்கும் தொடர்பில்லை. ஆவி என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல் அது. ‘எரிவாயு’ என்றால் அடுப்பு எரிவாயுவோடு போய்ச் சேரும். எனவே வெடிக்கக்கூடிய மெத்தேன் கலவைக்கு வெடிவளி, ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயுவும் நைட்ரஜனும் மிகுந்ததற்குத் திணறுவளி, வெடிப்புக்குப் பின் எஞ்சும் கார்பன் மோனாக்சைடு கலந்த நஞ்சுக்குப் பின்வளி. வெடிப்பில் தப்பியவர்கள் பலரைக் கொன்றது இந்தப் பின்வளிதான். சுடர் அதைக் காட்டிக்கொடுக்காது, மனிதருக்கு முன்பே அதில் மயங்கிவிழும் கானரிப் பறவைகளைக் கூண்டோடு கொண்டுபோனது அதற்காகத்தான்.

‘சுடர்மறி’யை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் கடைசிக் காரணம், அது விளக்கோடு நிற்காது. சுரங்க மின்மோட்டார்களையும் ஆளிகளையும் (சுவிட்சுகளையும்) கனத்த உலோகப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். உள்ளே வாயு புகுந்து வெடித்தாலும், மூடியின் விளிம்பிலுள்ள குறுகிய இடுக்கு வழியே வரும் சுடர் குளிர்ந்து அவிந்துவிடும். டேவியின் வலை செய்த அதே வேலை. அது சுடர்மறி உறை. மெத்தேனுக்கு அந்த இடுக்கு அதிகபட்சம் 1.14 மில்லிமீட்டர் இருக்கலாம் என்பது சோதனையில் கண்ட எல்லை, ஹைட்ரஜனுக்கு 0.29 மட்டுமே. அது சுடர்மறி இடைவெளி. மெத்தேனுக்காகச் செய்த வலை ஹைட்ரஜனை ஏன் மறிக்காது என்பதும் இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. எண்ணெய்த் தொட்டிகளின் காற்றுப்போக்கியில் பொருத்துவது சுடர்மறிப்பி. வேர் ஒன்று, குடும்பம் முழுதும் வந்துவிடுகிறது. ‘பாதுகாப்பு’ என்பதை வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் எப்படி ஆக்குவது?

அகராதிப் பதிவுக்கான வரைவு:

சுடர்மறி விளக்கு (பெ.): வெடிவளி உள்ள சுரங்கங்களில் பயன்பட்ட எண்ணெய் விளக்கு. காற்றை உள்ளே விட்டு, சுடர் வெளியேறாமல் கம்பிவலையால் மறிப்பது. சுடரின் மாற்றத்தைக் கொண்டு வெடிவளியையும் திணறுவளியையும் கண்டறியவும் உதவும்.

விளக்கின் தகட்டுக் கவசத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. ‘வலைக்கவசம்’ என்றால் வலையால் செய்த கவசம் என்றும் படிக்கலாம், வலைக்கு மேலிட்ட கவசம் என்றும் படிக்கலாம். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.