முன்தளம் வழவழவென்று ஆகிவிட்டது, எதைப் பூசுவது?

கேள்வி
என்னுடையது 28 அடி ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு, 1984இல் வார்த்தது. கால் வழுக்காமலிருக்க அச்சிலேயே பதிந்து வந்த சாய்சதுரக் கட்டங்கள் பக்கவாட்டு நடைபாதையில் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. பாய்மரத்தின் அடியிலும் முன்தளத்திலும் அவற்றின் சுவடே இல்லை. போன வாரம் முன்பாயை இறக்கப் போனவன் ஈரத்தில் சறுக்கி, ஓரக் கம்பியைப் பிடித்துத் தப்பித்தேன். முழங்கால் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. சரிசெய்யும்வரை படகில் கால் வைக்கப் போவதில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். பெயின்ட்டில் மணலைக் கலந்து அடித்துவிடலாமா? இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது.

பதில் 1
இரண்டு நாளில் பூசிவிடலாம், நிற்காது. நானும் அப்படி அவசரப்பட்டவன்தான். அடுத்த ஆண்டே வெயிலில் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாக வந்தது. பெயின்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். குற்றவாளி ஜெல்கோட்டின் (ஃபைபரின் வெளிப்புறப் பிசின் பூச்சு) மேல் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த மெழுகு. அதை எடுக்காமல் உப்புத்தாள் போட்டால், போட்ட கீறலுக்குள்ளேயே மெழுகைத் திணிக்கிறோம்.

ஆகவே முதல் வேலை மெழுகு நீக்கும் திரவம். ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டால் மெழுகு இடம் மாறுமே தவிரப் போகாது. நான் இரண்டு பழைய வேட்டிகளைக் கிழித்துத் தீர்த்தேன். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, மெல்லிய படலமாகப் பரவினால் போய்விட்டது. அதன் பிறகுதான் உப்புத்தாள். கட்டங்கள் மிச்சமுள்ள இடத்தில் தாள் பள்ளத்துக்குள் இறங்காது, அங்கே முரட்டு நாரால் தேயுங்கள்.

மணலை டப்பாவில் கலக்காதீர்கள், அடியில் தங்கிவிடும். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, அடியிலுள்ள நிறம் தெரியாத அளவுக்கு மேலிருந்து தூவுங்கள். காய்ந்ததும் ஒட்டாததைக் கூட்டி எடுத்துவிட்டு, மேலே இரண்டு பூச்சு. முழங்காலில் நிற்கிற ஆள் என்றால் மணலுக்குப் பதில் பிளாஸ்டிக் மணிகள் வாங்குங்கள். மணல் தோலையும் சீவும், பாய்த்துணியையும் தின்னும்.

பதில் 2
மணலும் வேண்டாம், மணியும் வேண்டாம். நான் தூவியது சர்க்கரை. இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவினேன். சர்க்கரை கரைந்து, குட்டிக் குட்டிப் பள்ளங்கள் மட்டும் நின்றன. பிடிப்பு போதுமானது, கழுவுவதும் எளிது. (எறும்பு வந்ததா என்று கேட்காதீர்கள்.) மாலையில் மட்டும் பூசாதீர்கள், பனி இறங்கினால் பளபளப்பு மங்கிவிடும். ஓரங்களில் ஒட்டிய டேப்பைப் பூச்சு முழுதாக இறுகுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள். வெள்ளை கண்ணைக் கூசும், கருநிறம் காலைச் சுடும். வெளிர் சாம்பல் நல்லது.

பதில் 3
எதைப் பூசுவது என்பது இருக்கட்டும். தளத்தைத் தட்டிப் பார்த்தீர்களா? திருப்புளியின் பிடியால் ஓரடி நீளத்துக்கு நான்கு முறை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டக்கென்று பேசும், இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள மரம் ஊறிய இடம் தொப்பென்று அடங்கும். ஓரக் கம்பித் தூண்களைச் சுற்றியும் நங்கூரத்தை இழுத்தெடுக்கும் சுருள்பொறியைச் சுற்றியும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

கேட்டவர்
தட்டினேன். சுருள்பொறிக்குப் பின்னால் இரண்டு கையகல இடம் தொப்பென்கிறது. பொறியின் ஒரு போல்ட்டைக் கழற்றினேன், துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. கூடவே தளத்துக்குள் இருக்கும் பால்சா என்ற லேசான மரத்தின் ஊறிய தூள், காப்பி வண்டல் மாதிரி. விடுப்பு இரண்டு நாளும் அதைத் தோண்டுவதிலேயே போகும். பெயின்ட் டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.