ப்னிக்ஸ் குன்று: ஜனநாயகத்தின் தொட்டிலா, ஆம்பளைங்க சங்கமா?

கட்டைவண்டி:
ஏதென்ஸ் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸுக்கு மேற்கே ப்னிக்ஸ் என்றொரு குன்று. "ஜனநாயகம் பிறந்த இடம், ஏறாமல் வராதீர்கள்" என்று நச்சரிப்பார்கள். ஏறினால் சரிவான பொட்டல். ஒரு பக்கம் பாறையிலேயே செதுக்கிய மேடை, ஏறுவதற்குப் படிகள். அவ்வளவுதான். "பழைய ஏதென்ஸின் பெருந்தலைவர் பெரிக்ளிஸ் நின்று பேசிய மேடை" என்று கைடு ஒருவர் உருகிக்கொண்டிருந்தார். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் எவருக்கும் அங்கே கூடிய மக்கள் சபையில் இடமில்லை. அந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு பக்தி எதற்கு?

ஆலிவ் நிழல்:
கைடு விட்டது ரீல். பெரிக்ளிஸ் கி.மு. 429இல் செத்துப்போனார். இப்போது பார்க்கிற மேடை அடுத்த நூற்றாண்டில் செதுக்கியது, பேச்சாளர் டெமோஸ்தனிஸ் காலம். ஆனால் குன்று அதே குன்றுதான். ஆட்சிமுறையை மாற்றிய கிளைஸ்தனிஸின் கி.மு. 508 சீர்திருத்தத்துக்குப் பிறகு மக்கள் சபை கூடிய இடம். அரண்மனை இல்லை, கோயில் இல்லை. செருப்புத் தைப்பவரும் வந்து உட்கார்ந்து, போருக்குப் போகலாமா வேண்டாமா என்று கை தூக்கிய தரை அது. பிற்பாடு வருகிறவர்களுக்குப் படிக்காசுகூடக் கொடுத்தார்கள்.

கட்டைவண்டி:
ஆள் சேராததால்தானே காசு கொடுக்க வேண்டிவந்தது! சந்தையில் அரட்டை அடித்தவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து சபைக்கு ஓட்டியதை அரிஸ்டோஃபனிஸ் கி.மு. 425இலேயே நாடகத்தில் கிண்டலடித்திருக்கிறார். சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்ததும் இவர்கள்தான். அவரை அடைத்துவைத்த குகையைப் பக்கத்துக் குன்றில் பார்த்தேன்.

நிலாமுற்றம்:
கட்டைவண்டி அண்ணே, அந்த வழக்கு நடந்தது நீதிமன்றத்தில். குலுக்கல் முறையில் எடுத்த ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள், சபை அல்ல. குகைக்குச் "சாக்ரடீஸ் சிறை" என்று பெயர் வந்ததும் வெறும் வாய்வழிக் கதை. சபையைத் திட்ட வேண்டுமானால் கி.மு. 406ஐப் பிடியுங்கள். அர்கினூசாய் கடற்போரில் ஜெயித்த தளபதிகள் எட்டுப் பேர்மீது, மூழ்கிய கப்பல்களின் ஆட்களைப் புயலில் காப்பாற்றவில்லை என்று குற்றச்சாட்டு. தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பு. ஊர் திரும்பியிருந்த ஆறு பேருக்கு மரண தண்டனை. இது சட்டத்துக்குப் புறம்பு என்று அன்றைக்குக் கடைசிவரை மறுத்து நின்றவர் இதே சாக்ரடீஸ்.

ஆலிவ் நிழல்:
அதையும் சொல்லுங்கள், மிட்டிலீனியையும் சொல்லுங்கள். கி.மு. 428இல் லெஸ்போஸ் தீவிலுள்ள அந்த நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்தது, 427இல் அடங்கியது. கிளியோன் என்ற அரசியல்வாதியின் பேச்சைக் கேட்டு, ஆண்களையெல்லாம் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் விற்றுவிடுவது என்று சபை முடிவெடுத்தது. உத்தரவோடு கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் ஊருக்கே மனசு உறுத்த, சபை திரும்பக் கூடியது. டியோடோட்டஸ் எதிர்த்துப் பேசினார். மயிரிழையில் தீர்மானம் மாறியது. ரத்துச் செய்யும் உத்தரவோடு ரெண்டாவது கப்பல் பறந்தது. மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்புப் போட்டபடியே தின்று, முறை வைத்துத் தூங்கி, முதல் உத்தரவை அங்கே வாசித்து முடித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு ராஜா போட்ட ஆணையாக இருந்தால் மறுநாள் யார் எழுந்து "தப்பு" என்று சொல்லியிருப்பார்?

கட்டைவண்டி:
நல்ல கதை. கலகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் என்று சொல்லி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அப்புறமும் கொன்றார்களே, அதை ஏன் விட்டீர்கள்? இந்தக் கதையைச் சொன்ன வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அதே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறார். டியோடோட்டஸ் கேட்டதும் கருணை அல்ல, ஏதென்ஸுக்கு எது லாபம் என்ற கணக்கு.

நிலாமுற்றம்:
நீங்கள் ரெண்டு பேரும் நடத்துங்கள். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ப்னிக்ஸை மாலையில் வையுங்கள், அந்த மேட்டிலிருந்து அக்ரோபோலிஸ் முழுசாகத் தெரியும். பக்கத்திலுள்ள அரியோபாகஸ் பாறை காலங்காலமாக மிதிபட்டுக் கண்ணாடி மாதிரி வழுக்கும். பழைய கல்படியில் ஏறாதீர்கள், இரும்புப் படி இருக்கிறது. பிலோபாப்போஸ் குன்றுப் பக்கம் கீழே பார்த்து நடங்கள். 1950களில் பிகியோனிஸ் என்ற கட்டடக் கலைஞர், இடித்த பழைய வீடுகளின் பளிங்குத் துண்டுகளையும் சேர்த்துப் பதித்த பாதை அது.

கட்டைவண்டி:
பாதை நன்றாகத்தான் இருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆலிவ் நிழல் சார், ரெண்டு நாளும் கை தூக்கியது ஏதென்ஸ்காரர்கள். சாகப்போகிற மிட்டிலீனிக்காரனுக்கு அந்தக் குன்றில் எத்தனை ஓட்டு? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.