திங்க்பேட் டி430: 4 ஜிபி ரேமை எவ்வளவு கூட்டலாம்?

கேள்வி: லெனோவோ திங்க்பேட் டி430 லேப்டாப், ஐ5-3320எம் ப்ராசஸர், 4 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, சாதா ஹார்டு டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. குரோமில் பத்து டேப் திறந்தாலே திணறுகிறது. எந்த ரேம் வாங்குவது?

பதில் 1: இரண்டு ஸ்லாட், உச்சம் 16 ஜிபி. டிடிஆர்3 சோடிம் (லேப்டாப்புக்கான சிறிய ரேம் குச்சி), 204 பின், 1600 மெகாஹெர்ட்ஸ். குறைந்த மின்னழுத்த வகையான 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-உம் ஓடும். டிடிஆர்4 பொருந்தவே பொருந்தாது. 8 ஜிபி குச்சி வாங்கினால் லேபிளில் ‘2ஆர்எக்ஸ்8’ (2Rx8) இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். எட்டே சிப் உள்ள மலிவு 8 ஜிபி குச்சியை இந்தத் தலைமுறை ப்ராசஸர் ஏற்காது, திரை கருப்பாகவே நிற்கும்.

பதில் 2: ரேம் ஸ்லாட் அடிமூடிக்குள் இருக்கும். முதலில் அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். குச்சியைச் சாய்வாகச் செருகி, இரு கிளிப்பும் ‘டக்’கென்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். ஆன் செய்ததும் பீப் ஒலி வந்தால் பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்று பொருள். இரண்டு குச்சி போட்டால் டூயல் சேனல், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகம் கூடும். ப்ராசஸரில் உள்ள கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் தின்கிறது, அதனால் அங்கும் லாபம்.

பதில் 3: வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி பாதியில் நிற்க, டிஸ்க் மட்டும் 100% காட்டினால் குற்றவாளி ரேம் அல்ல. ஹார்டு டிஸ்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். காசு குறைவு என்றால், 4 ஜிபியோடு இன்னொரு 4 சேர்த்துவிட்டு மிச்சத்தை எஸ்எஸ்டிக்கு ஒதுக்குவேன்.