சுழலும் தொட்டியில் ஆறு மடிப்பு, கணினி மாதிரியில் மூன்றுதான்: எங்கே தவறு?

கேள்வி (ஆழி)

வணக்கம். கடல் நீரோட்டங்களுக்கான கணினி மாதிரி ஒன்றை ஆய்வகத் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வட்டத் தொட்டி, விட்டம் 1 மீட்டர். 20 டிகிரியில் குழாய்த் தண்ணீர், 10 செ.மீ. ஆழம். நடுவில் பனிக்கட்டி நிரப்பிய டப்பா. மேடை விநாடிக்கு 1 ரேடியன் சுழல்கிறது, அதாவது 6.28 விநாடிக்கு ஒரு சுற்று. சில நிமிடங்களில் டப்பாவைச் சுற்றிய ஓட்டம் ஆறு மடிப்புகளாக வளைந்து, சுழிகளாகப் பிரிகிறது. சாயம் விட்டால் அழகாகத் தெரியும்.

மாதிரியில் மூன்று மடிப்புதான். அவையும் சீக்கிரம் தளர்ந்துவிடுகின்றன. நீரைக் கிடைமட்டத்தில் 1 செ.மீ. கட்டங்களாகவும் செங்குத்தில் 10 அடுக்காகவும் பிரித்துக் கணக்கிடுகிறேன். பாகுநிலை (நீரின் உள் உராய்வு) 10⁻⁵ மீ²/வி. இன்னும் குறைத்தால் கணக்கு வெடித்துவிடுகிறது, அதாவது எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகின்றன. மற்றதெல்லாம் கடலுக்கு வைத்திருந்த அமைப்புகளே. இரண்டு வாரமாக இதே கவலை. மாதிரியை நம்பலாமா?

பதில் 1 (தொட்டிக்காரர்)

"மற்றதெல்லாம் கடலுக்கு வைத்திருந்தவை" என்கிறீர்களே, முதலில் அங்கே பாருங்கள். அடர்த்தி எந்தச் சமன்பாட்டில் வருகிறது? கடல்நீர்ச் சமன்பாடு என்றால் உங்கள் மாதிரி வேறொரு திரவத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது.

நன்னீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். 20 டிகிரியில் கன மீட்டருக்கு 998.2 கிலோ, 4 டிகிரியில் 999.97. அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகிறது. டப்பாவை ஒட்டிய மிகக் குளிர்ந்த நீர் மேலேறப் பார்க்கும். சாதாரணக் கடல்நீரில் இந்தத் திருப்பம் கிடையாது, உறையும்வரை கனத்துக்கொண்டே போகும். 20-லிருந்து 0 டிகிரி வரை அதன் அடர்த்தி வேறுபாடு 3.3 கிலோவுக்கு மேல். உங்கள் தண்ணீரில் அதிகபட்சம் 1.8 கிலோ.

சுழிகளின் அளவைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடும், ஆழமும், சுழற்சியும். இவற்றிலிருந்து வரும் அடிப்படை நீளம், தோராயமாகப் போட்டால், நன்னீருக்கு 2.1 செ.மீ., கடல்நீருக்கு 2.8 செ.மீ. சுழி பெரிதானால் வட்டத்தில் குறைவாகத்தான் அடங்கும். அப்புறம், 2 செ.மீ. அமைப்பை 1 செ.மீ. கட்டத்தால் பிடிக்க முடியாது. 2 அல்லது 3 மி.மீ. வேண்டும்.

இன்னொன்று: கொரியோலிஸ் அளவுரு, அதாவது சுழற்சி ஓட்டத்தை எவ்வளவு திருப்புகிறது என்று சொல்லும் எண், சுழற்சி வேகத்தின் இரு மடங்கு. 2 என்று இருக்கிறதா பாருங்கள். 1 என்று போட்டுவிட்டுத் தேடியவர்கள் உண்டு.

பதில் 2 (அடியோட்டம்)

மடிப்பு எண்ணிக்கைக்கு மேலே சொன்னது பொருந்தும். சீக்கிரம் தளர்வதற்குக் காரணம் பாகுநிலை. தண்ணீருக்கு அது 10⁻⁶. நீங்கள் பத்து மடங்கு வைத்திருக்கிறீர்கள்.

தொட்டித் தரையில் எக்மன் படலம் என்ற மெல்லிய உராய்வுப் படலம் உண்டு. உங்கள் வேகத்தில் அதன் தடிமன் சுமார் 1 மி.மீ. மேலே உள்ள 10 செ.மீ. நீரையும் தளரவைப்பது அந்த 1 மி.மீ.தான். தளரும் காலம் என்பது ஆழத்தை, பாகுநிலையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது: 100 விநாடி. பாகுநிலையைப் பத்து மடங்காக்கினால் 32 விநாடி. அதுவும் 1 செ.மீ. அடுக்கின் கண்ணுக்கே அந்தப் படலம் படாது, தரை உராய்வு ஏதோ ஓர் எண்ணாகத்தான் வரும்.

பனிக்கட்டியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரே வெப்பநிலைத் தண்ணீரைப் பல நிமிடம் சுழலவிட்டு, மேடை வேகத்தை 5 சதவீதம் மட்டும் மாற்றுங்கள். மிதக்கும் காகிதத் துணுக்குகளின் வேகம் எப்படித் தளர்கிறது என்று அளந்து, மாதிரியிலும் அதையே செய்யுங்கள். கணக்கு, தொட்டி, மாதிரி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிஜக் கடலில் தொடக்க நிலையே சரியாகத் தெரியாது. தொட்டியில் அது தெரியும், அந்த வசதி இருக்கும்போது விடக்கூடாது.

தொட்டிக்கு மூடி இருக்கிறதா? இல்லையென்றால் அறையில் அசையாமல் நிற்கும் காற்று சுழலும் நீர்ப்பரப்பை இழுக்கும், அதுவே காற்று வீசுவதுபோல ஒரு சிறு விசை.

ஆழி

மூடி இல்லாமல்தான் செய்திருந்தேன். கண்ணாடி மூடி போட்டேன். தளரும் காலத்தை அளந்ததில் தொட்டியில் 90 விநாடி, மாதிரியில் 50. அடர்த்திச் சமன்பாட்டை நன்னீருக்கு மாற்றி, கட்டத்தை 2.5 மி.மீ. ஆக்கி, தரையருகே அடுக்குகளை நெருக்கினேன். இப்போது 10⁻⁶-லும் கணக்கு வெடிக்கவில்லை, மாதிரி 95 விநாடி தருகிறது. பனிக்கட்டியோடு ஓடவிட்டால் ஆறு மடிப்பு, சில தடவை ஐந்து!

ஆனால் ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் தண்ணீருக்கு மாற்றிவிட்டேன். இதில் கடல் மாதிரியின் எதைச் சோதித்தேன்?

பதில் 3 (தொட்டிக்காரர்)

நல்ல கேள்வி. சுழற்சி, அழுத்தச் சரிவு, நீர் தன்னைத்தானே சுமந்து செல்லும் விதம் ஆகியவற்றைக் கணக்கிடும் அடிப்படைப் பகுதி சோதிக்கப்பட்டுவிட்டது. தொட்டியில் விநாடிக்கு அரை செ.மீ. ஓட்டம், 5 செ.மீ. சுழி என்றால் ராஸ்பி எண் 0.05 (இது சிறிதாக இருந்தால் ஓட்டத்தைச் சுழற்சிதான் ஆள்கிறது என்று பொருள்). கடலில் விநாடிக்கு 10 செ.மீ., 50 கி.மீ. சுழி என்றால் சுமார் 0.02. அதனால்தான் தொட்டி கடலைப்போல் நடந்துகொள்கிறது.

கட்டத்துக்குள் அடங்காத சுழிகளுக்குக் கடல் மாதிரிகள் வைக்கும் தோராயங்கள் இன்னும் சோதிக்கப்படவில்லை. அதற்கு மறுபடி 1 செ.மீ. கட்டத்துக்கே போங்கள், இந்த முறை அந்தத் தோராயத்தை இயக்கி. வெளிச்சுவரிலிருந்து டப்பாவுக்குப் போகும் வெப்பம் 2.5 மி.மீ. கட்டத்தில் மாதிரி தருவதோடும் தொட்டியோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். தனித்தனிச் சுழி ஒத்துப்போக வேண்டாம், போகவும் போகாது. ஐந்து, ஆறு என்று மாறுவது தொட்டியிலும் நடக்கும். பத்து முறை செய்து சராசரியை ஒப்பிடுங்கள்.

மேற்பரப்பைத் தட்டையாக வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மூடி நீரைத் தொடாமல் இருந்தால், உங்கள் வேகத்தில் விளிம்பு நடுவைவிட 1.27 செ.மீ. உயரம். 10 செ.மீ. ஆழத்தில் அது சிறிய விஷயம் இல்லை. ஆழம் குறைந்த நடுப்பகுதி துருவம்போல வேலை செய்யும்.

ஆழி

தட்டையாகத்தான் வைத்திருந்தேன். மாற்றி ஓடவிட்டிருக்கிறேன், பத்து ஓட்டமும் முடிந்ததும் வெப்ப எண்களை இங்கேயே போடுகிறேன்.