உதவி: காற்று திடீரென்று தள்ளினால் படகு கவிழ்ந்துவிடுகிறது

புதுப்பாய் (வியாழன், இரவு 10.12)
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். சின்னப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே சீரான காற்றில் ஜோராகப் போகிறது. நடுவில் குப்பென்று ஒரு வீச்சு வந்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து, நான் சுதாரிப்பதற்குள் பாய் தண்ணீரில் படுத்துவிடுகிறது. கயிற்றை விட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. சுக்கானைத் திருப்பியும் பார்த்தேன். சனிக்கிழமை மச்சான் வருகிறான், அவன் முன்னால் மானம் போகக் கூடாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் (10.31)
என்ன படகு? பாய் எத்தனை சதுர மீட்டர்? உங்கள் எடை என்ன? காற்று எவ்வளவு இருந்தது? காற்றை எதிர்த்துப் போகும்போது கவிழ்கிறதா, பின்காற்றிலா? இதில் ஒன்றுகூட இல்லாமல் வைத்தியம் கேட்கிறீர்கள்.

பாய்மரப்பித்தன் (10.44)
மாதம் ஒருவர் வந்து இதையே கேட்கிறார். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று உண்டு, யாரும் தொடுவதே இல்லை. பாயை இளக்கு, உடம்பை வெளியே போடு, படகின் மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பு. மூன்றே வேலை. இது தெரியாதவர்கள் பெடல் படகு ஓட்டலாம்.

மோர்ப்பண்ணைக்காரன் (10.58)
தம்பி, பாக் நீரிணைப் பக்க வடகடலா, மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடலா? அதை முதலில் சொல். இப்போது ஓடுவது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. தென்கடலில் அது உன்னைக் கரைக்குத் தள்ளும், வடகடலில் கரையிலிருந்து உள்ளே தள்ளும். இரண்டும் வேறு வேறு ஆபத்து.
இன்னொன்று, எங்கள் அப்பா காலத்து வத்தைப் பாய்ப்படகில் காற்று வருகிற பக்கம் ஒரு பலகையை வெளியே நீட்டி, ஆள் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வார். காற்று ஏற ஏற ஆளும் பலகையின் நுனிக்கு நகர்வார். உன் படகுக்கும் அப்படி ஒரு பலகை போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கீழக்கரை நானா (11.20)
பலகை வேண்டியதுதான், ஆனால் அது கீழே போகிற பலகை. நடுவில் செருகுகிற டாகர் போர்டை முழுசாக இறக்கி வைத்திருப்பீர்கள். பலத்த காற்றில் அதைக் கால்வாசி மேலே தூக்கிவிடுங்கள், படகு கவிழாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொடுக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

திருப்பாலைக்குடி ரபீக் (வெள்ளி, காலை 6.50)
எனக்கும் இதே பிரச்சினை. பதில் கிடைத்ததா?

புதுப்பாய் (7.35)
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். படகு லேசர் வகை, ஒரே ஆள் ஓட்டுகிற ஒற்றைப்பாய்ப் படகு, பழையது, பெங்களூரில் ஒருவரிடம் வாங்கினேன். பாய் அதோடு வந்த பெரிய பாய். எடை 58. இடம் அரியமான் கடற்கரை, வடகடல். காற்று பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்துகிற அளவுக்கு இருந்தது. படம் ஒன்று போட்டிருக்கிறேன், தம்பி கரையிலிருந்து எடுத்தது.

கணக்கு வாத்தியார் (7.52)
பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால்தான் சிக்னல் சிவப்பானது. கடல் கணக்கில் அது 31 நாட். அந்தக் காற்றில் நீங்கள் லேசரில் ஏறியிருக்கவே முடியாது. படத்தில் அலை நுனி அங்கங்கேதான் வெளுத்திருக்கிறது. 12 நாட் இருக்கும், வீச்சில் 18 வந்திருக்கலாம்.

குறைவுதானே என்று நினைக்காதீர்கள். பாயில் விழும் விசை வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 12 நாட் 18 ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு, விசை இரண்டேகால் மடங்கு. உங்கள் 58 கிலோ அதே 58 கிலோவாகத்தான் இருக்கும்.

பெரிய பாய் என்றால் 7.06 சதுர மீட்டர். அது 80 கிலோவும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கானது. அதே படகுக்கு 5.76, 4.7 என்று இரண்டு சின்னப் பாய்கள் உண்டு. பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மட்டும்தான் மாறும். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது 5.76 பாய்தான். சின்னப் பாய் என்றால் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பாய்மரப்பித்தன் (8.15)
வாத்தியார் கணக்கு சரி, கடல் வேறு. பூமியின் வடபாதியில் வீச்சு எப்போதும் வலப்பக்கம் திரும்பித்தான் வரும். வலக்கைப் பக்கம் காற்று வாங்கி ஓட்டினால் வீச்சு உங்களுக்குச் சாதகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாயைக் குறை சொல்வது சோம்பேறித்தனம்.

கணக்கு வாத்தியார் (8.29)
அது 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் எழுதி வைத்தது. நமக்கு 9 டிகிரி. பூமிச் சுழற்சி காற்றைத் திருப்புவது இங்கே சொற்பம். அரியமானில் காற்றைத் திருப்புவது பனையும் சவுக்கும்தான்.

தங்கச்சிமடத்துப் பெண் (9.40)
சென்னையில் லேசரில் பழகியவள் நான். யாரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை போல.

புதுப்பாய், பாய்மரத்தின் அடியிலிருந்து பூமுக்கு, அதாவது பாயின் அடியில் படுத்திருக்கிற கழிக்கு, சாய்வாகப் போகிற கயிற்றைப் பாருங்கள். தொங்குகிறது. அதுதான் கிக்கர். அது தளர்ந்திருந்தால் நீங்கள் மெயின்ஷீட்டை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை, விடும்போது பூம் வெளியே போவதற்குப் பதில் மேலே எழும்பும். அதுவரை வளைந்திருந்த மரம் நிமிரும், பாய் தொப்பை போடும். காற்றைக் கொட்டுவதற்காக விடுகிறீர்கள், பாய் இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்கிறது. "கயிற்றை விட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை" என்பதன் காரணம் பாதி இதுதான்.

மீதிப் பாதி, விடுகிற நேரம். படகு நன்றாகச் சாய்ந்தபிறகு விட்டால் பூமின் முனை தண்ணீரில் தட்டி நின்றுவிடும். அதற்குமேல் கயிற்றை எவ்வளவு விட்டாலும் பாய் வெளியே போகாது. சுக்கானும் அப்போது பாதி தண்ணீருக்கு வெளியே இருக்கும், அதனால் அதைத் திருப்பியும் பயனில்லை. அப்புறம், படத்தில் மெயின்ஷீட்டை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அது வேண்டாம். அவசரத்தில் அவிழாது.

கரையிலேயே செய்ய வேண்டியது: மெயின்ஷீட்டை முழுக்க இழுத்து பூமைக் கீழே கொண்டுவாருங்கள். அந்த நிலையில் கிக்கரில் இருக்கும் தொய்வை எடுத்துவிட்டு, இன்னும் ஒரு இழு இழுத்துக் கட்டுங்கள். இப்போது மெயின்ஷீட்டை விட்டால் பூம் பக்கவாட்டில் மட்டும் போக வேண்டும். பாயின் கீழ்விளிம்பையும் முன்விளிம்பையும் இழுக்கிற கயிறுகளையும் நன்றாக இறுக்குங்கள், பாய் தட்டையாகும். பின்காற்றில் திரும்பும்போது மட்டும் கிக்கரைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

தண்ணீரில்: வீச்சு சொல்லாமல் வராது. காற்று வருகிற பக்கம் தண்ணீரில் கருப்பாக ஒரு திட்டு, மேலே பொடிச் சுருக்கத்தோடு, நகர்ந்து வரும். அது தொடுவதற்கு முன்பே ஒரு முழம் இளக்குங்கள், உடம்பை வெளியே சாயுங்கள். படகு நிமிர்ந்தே இருக்கும். நிமிர்ந்த உடனே இளக்கியதை மறுபடி இழுங்கள், அந்த வீச்சு அப்படியே வேகமாக மாறும். பலர் விட்டதோடு நிறுத்திவிடுவார்கள், படகு செத்துப்போய் நிற்கும், அடுத்த வீச்சுக்கு இன்னும் எளிதாகக் கவிழும்.

கீழக்கரை நானா சொன்ன டாகர் போர்டு விஷயம் பொய்யில்லை. ஆனால் கிக்கருக்கு அப்புறம்தான்.

கீழக்கரை நானா (10.05)
சரிம்மா, ஒத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனாலும் போர்டுதான் முதலில்.
அரியமானை விட்டுவிட்டுத் தென்கடல் பக்கம் வரச் சொல்லுங்கள். காற்று கடலிலிருந்து வருகிறது, நடுவில் மரம் இல்லை, கட்டடம் இல்லை, ஒரே சீர்.

மோர்ப்பண்ணைக்காரன் (10.22)
சீரான காற்றுதான், கூடவே அலையும் பாறையும் இருக்கிறதே நானா. இந்தக் காற்றில் தென்கடல் கரையில் புதுப் பையன் படகை இறக்கவே மாட்டான். தீவுப் பக்கம் ஒதுங்கலாம் என்றால் அந்த 21 தீவும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, காலை வைத்தால் வனத்துறை வரும்.

வடகடலே இருக்கட்டும். ஆனால் ஒன்று புரிந்துகொள் தம்பி. கச்சானில் அரியமான் கரை ஓரம் தண்ணீர் தட்டுபோல இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து உள்ளே போய்விடுவார்கள். போகும்போது பின்காற்று, சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் எதிர்க்காற்று. உள்ளே போகப் போக அலையும் ஏறும். கவிழ்ந்து கிடந்தால் படகும் நீயும் வடகிழக்கே போய்க்கொண்டே இருப்பீர்கள், அந்தப் பக்கம் எல்லைக் கோடு. எங்கள் ஆட்களுக்கே அங்கே என்ன நடக்கிறது என்று பேப்பரில் படிக்கிறாய்.

கரைக்கு இணையாகவே ஓட்டு. இறங்கிய உடனே ஒருமுறை எதிர்க்காற்றில் கரைக்கு வர முடிகிறதா என்று பார், முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதே. கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதே, தலை மட்டும் தெரிந்தால் யாருக்கும் கண்ணில் படாது. கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொள். கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554.

பாசிமிதவை (11.10)
நீங்கள் எல்லோரும் காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் முனைக்காட்டில் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறோம். விடுமுறை நாள் வந்தால் யாராவது ஒருவர் கட்டுப்பாடு இல்லாமல் வந்து மிதவையில் ஏறுகிறார். 45 நாள் வளர்த்த பாசி அறுந்து போகிறது. பலகையைத் தூக்கு, இறக்கு என்கிறவர்கள், அந்தப் பலகை கயிற்றில் மாட்டினால் என்ன செய்வது என்றும் சொல்லிக்கொடுங்கள்.

பாய்மரப்பித்தன் (11.18)
மிதவையில் கொடி கட்டுங்கள் முதலில். கடல் பொது. மேலும் அந்தப் பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும்.

பாசிமிதவை (11.26)
குருசடை தென்கடல், நான் சொல்வது வடகடல். கொடி கட்டித்தான் இருக்கிறோம். கொடியைப் பார்ப்பவர்களுக்குத் திரும்பத் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. கடல் பொது என்று அறுந்த பாசிக்கும் பணம் பொதுவிலிருந்து வருமா?

கீழக்கரை நானா (11.31)
அந்தப் பாசிக்காரப் பெண் கேட்பது நியாயம். நண்டு வலைக்கும் இதே கதைதான்.

பாய்மரப்பித்தன் (11.40)
நான் இருபது வருடமாக ஒரு வலையைத் தொட்டதில்லை.

மோர்ப்பண்ணைக்காரன் (11.47)
நீங்கள் தொட்டதாக யாரும் சொல்லவில்லையே அண்ணே.

தங்கச்சிமடத்துப் பெண் (பகல் 12.30)
சண்டையைத் தனி இழையில் போடுங்கள். பாசி அக்கா, மாட்டினால் முதலில் பாயை முழுக்க விட வேண்டும், அப்புறம் போர்டைத் தூக்கினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கயிற்றை அறுக்கவே கூடாது. புதுப்பாய், அரியமானிலிருந்து கிழக்கே மண்டபம் பக்கம் ஒதுங்கினால் மிதவைகள் வரும், மேற்குப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பாய் (மாலை 6.05)
கிக்கர் இறுக்கிவிட்டேன். சின்னப் பாய் இப்போதைக்குக் கிடைக்காது. பதினோரு மணிக்கு மேல்தான் இறங்க முடியும், மச்சான் எழ மாட்டான். பரவாயில்லையா?

கணக்கு வாத்தியார் (6.20)
பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். வெயில் ஏறித் தரை சூடானால் கீழ்க்காற்று மேலே போய், மேலே ஓடுகிற வேகமான காற்று கட்டி கட்டியாகக் கீழே இறங்கும். வீச்சு என்பது அதுதான். காலை ஏழு மணிக்கு அதே கச்சான் பாதி சாதுவாக இருக்கும். கரையோர மரங்களின் உயரத்தைப்போல இருபது முப்பது மடங்கு தூரம் வரை காற்று குழம்பித்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். இரவே கடல் நிலை சொல்கிற அரசு அமைப்பான இன்காய்ஸ் முன்னறிவிப்பைப் பாருங்கள், மீனவர் எச்சரிக்கை இருந்தால் மச்சானைத் தூங்கவிடுங்கள்.

தங்கச்சிமடத்துப் பெண் (6.48)
பாய் வேறு இல்லையென்றால் இருக்கிற பாயையே சுருக்கலாம். லேசரில் பாய் உறைபோல மரத்தில் மாட்டியிருக்கும். பூமை மாட்டுவதற்கு முன் மரத்தைத் திருகி ஒன்றிரண்டு சுற்று பாயைச் சுருட்டுங்கள், பிறகு மற்றதைக் கட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். மச்சான் எடை என்ன?

புதுப்பாய் (6.51)
92.

தங்கச்சிமடத்துப் பெண் (6.53)
அப்படியென்றால் காற்றுப் பக்கம் உட்காரவைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். பின்காற்றில் பாயைப் பக்கம் மாற்ற வேண்டாம், இருவர் இருக்கும்போது பூம் தலையில் அடிக்கும். காற்றுக்கு எதிரே சுற்றி வந்து திரும்புங்கள். சுற்று பெரிதாக இருக்கும், பரவாயில்லை.

மோர்ப்பண்ணைக்காரன் (7.30)
பலகையைப் பற்றி யாரும் பதிலே சொல்லவில்லை.

புதுப்பாய் (ஞாயிறு, இரவு 9.15)
எட்டு மணிக்கு இறங்கினோம். இரண்டு சுற்று சுருட்டினேன். கயிற்றை விட்டால் பூம் வெளியே போகிறது, படகு நிமிர்கிறது. கவிழவில்லை. மச்சான் ஒருமுறை எழுந்து நின்று தானாகவே விழுந்தான். எல்லோருக்கும் நன்றி, வேலைக்குக் கிளம்புகிறேன், இரவு ஷிப்ட்.

பாய்மரப்பித்தன் (9.22)
நான் முதலிலேயே சொன்ன மூன்று வேலைதான்.

திருப்பாலைக்குடி ரபீக் (9.40)
என் படகில் கிக்கரே இல்லை. ஃபைபர் வள்ளத்தில் தார்ப்பாய் கட்டி ஓட்டுகிறேன். எனக்கு என்ன வழி?

கணக்கு வாத்தியார் (9.44)
வள்ளம் எத்தனை அடி? தார்ப்பாய் என்ன அளவு? எந்தக் கரை?