கோவில் மாபிள் தரை செத்துப் போய்க் கிடக்கிறது, டைல்ஸ் ஒட்டுவதா, பொலிஷ் போடுவதா?

மலைச்சாரல் (ஹட்டன்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் உள் மண்டபத்துக்கு 1998இல் மாபிள் போட்டோம். கொழும்பில் கடை வைத்திருக்கிறவர்கள் கொடுத்தது கொஞ்சம், சம்பளத்தில் பிடித்த காசு கொஞ்சம். லொறி மேலே ஏறவில்லை என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்திலிருந்து ஆளுக்கு ஆள் கைமாற்றிக் கல்லைத் தூக்கினார்கள், நான் சின்னப் பையனாக நின்று பார்த்தேன். 600 சதுர அடி, வெள்ளைக் கல்லில் சாம்பல் கோடு ஓடும்.

இப்போது மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கிற இடம் சுண்ணாம்பு பூசியது போல மங்கிவிட்டது. துர்க்கை அம்மன் பக்கம் எலுமிச்சை விளக்கு வைக்கிற இடத்தில் வட்ட வட்டமாக அச்சு. எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை வேறு. போன திருவிழாவுக்கு முன்னால் ஒருவர் நல்லெண்ணத்தில் டொய்லட் கழுவுகிற அசிட்டை ஊற்றித் தேய்த்தார். நுரை பொங்கியது, அழுக்குப் போகிறது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம், காய்ந்த பிறகு பார்த்தால் முன்னைவிட மோசம். தை கடைசியில் கும்பாபிஷேகம். மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. காப்பாற்ற வழி இருக்கிறதா?

பாஸ்_பண்டாரவளை:

தம்பி, டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். இருபது வருடமாகத் தரை வேலை செய்கிறேன், இதைவிட மோசமான தரையெல்லாம் எழும்பி வந்திருக்கிறது. முதலில் ஒரு வாளித் தண்ணீரை அந்த மங்கின இடத்தில் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பழைய நிறமும் சாம்பல் கோடும் தெளிவாகத் தெரிந்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல்தோல்தான் சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. அந்தத் தோலைத் தேய்த்து எடுத்தால் போதும். கல் வழக்கமாக 18, 20 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும், பொலிஷ் வேலையில் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது.

வேலை இப்படித்தான். தண்ணீர் விட்டு ஓடுகிற தரை மெசினில் டயமண்ட் பேட் (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு) போட்டு 100, 200, 400, 800, 1500, 3000 என்று வரிசையாக ஏற வேண்டும், நம்பர் கூடக் கூடப் பேட் நைசாக இருக்கும். ஒவ்வொரு நம்பரும் அதற்கு முந்தின நம்பர் போட்ட கீறலை எடுக்கத்தான் இருக்கிறது. அவசரத்தில் 200இலிருந்து 1500க்குத் தாவுகிற ஆட்கள் உண்டு, அன்றைக்குப் பளபளவென்று தெரியும், பக்கவாட்டில் வெயில் விழும்போது கீறல் எல்லாம் எழும்பி நிற்கும். நம்பர் மாற்றும்போதெல்லாம் அந்தப் பால் போன்ற சேற்றை முழுக்க வழித்து, கழுவி, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் கையில் பட்டாலும் திரும்பக் கழுவ வேண்டும். சேற்றைக் கழிவுநீர்க் கானில் ஊற்றிவிடாதீர்கள், படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும்.

ஒரு கல் உயரம், ஒரு கல் பள்ளம் என்று இருந்தால் மட்டும் 100க்குக் கீழே, இன்னும் சொரசொரப்பான பேடுக்குப் போக வேண்டும், அது ஆள் தெரிந்து செய்கிற வேலை. அப்புறம் வாசல் பக்கம் 400இல் நிறுத்திவிடுங்கள். நம்ம ஊரில் மழையிலும் பனியிலும் நனைந்த காலோடுதான் சனம் உள்ளே வரும், வாசலிலேயே கண்ணாடி மாதிரிப் போட்டால் வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

மாத்தளைக்காரி:

பாஸ் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மலைக்கு டொலமைட் என்கிற கல்தூள் போடுவார்களே, எதற்கு? மண்ணின் புளிப்பை முறிக்க. மாபிளும் அந்தச் சாதிக் கல்தான். எங்கள் மாத்தளைப் பக்கமும் திகனப் பக்கமும் தோண்டி எடுக்கிற டொலமைட்டே ஒருவகை மாபிள். புளிப்பைக் கண்டால் அது தன்னைக் கரைத்துக்கொடுக்கும். நீங்கள் பார்த்த நுரை அழுக்கு இல்லை, கல்லே கரைந்து வாயுவாகப் பொங்கினது. எலுமிச்சை விளக்கு வட்டமும் அதே கதைதான், சின்ன அளவில்.

அதனால் கறை எது, அரிப்பு எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சுற்றியிருக்கிற கல்லைவிடக் கறுத்துத் தெரிந்தால் கறை, வெளுத்து மங்கித் தெரிந்தால் அரிப்பு. அரிப்பைக் கழுவிப் போக்க முடியாது, மெசின்தான். கறையை மெசினுக்கு முன்னால் உறிஞ்சி எடுக்கலாம். எண்ணெய்க்கு முல்தானி மட்டியை (முகத்துக்குப் பூசுகிற களிமண் தூள்) அசிட்டோனில் குழைத்து அரை விரல் கனத்துக்குப் பூசி, பொலித்தீனால் மூடி ஓரத்தை டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு பொலித்தீனை எடுத்து நன்றாகக் காயவிட்டுச் சுரண்டினால் எண்ணெய் மட்டியோடு வந்துவிடும். பழைய எண்ணெய் ஒரே தடவையில் போகாது, மூன்று நான்கு தடவை பூச வேண்டி வரும். அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும், அந்த நேரம் கோவிலில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது, பூசகரிடம் முன்பே சொல்லிவைத்துக் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மஞ்சள், குங்குமத்துக்கு அசிட்டோனுக்குப் பதிலாகப் பாமசியில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெரொக்சைட். மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதீர்கள், காரம் பட்டால் சிவந்துபோகும். தாஜ்மஹாலிலேயே 1994 தொடங்கி மட்டி பூசித்தான் மஞ்சளித்த கல்லைச் சுத்தம் செய்து வருகிறார்கள், அதனால் பயப்படாமல் செய்யலாம்.

லிந்துலை_73:

தம்பி, ஒரு விஷயம் கேட்கிறேன், இடையில் யாராவது அந்தத் தரைக்கு மெழுகுப் பொலிஷ் பூசினார்களா? எங்கள் அப்பா துரை பங்களாவில் வேலை செய்தவர். சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பொலிஷ் பூசி, பாதியாக வெட்டின தேங்காய் மட்டையில் காலை வைத்து இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்ப்பார், முகம் தெரியும். அந்தப் பழக்கத்தில் நம்ம ஆட்கள் மாபிளுக்கும் அதையே பூசிவிடுகிறார்கள். சீமெந்துக்கு அது சரி, வெள்ளைக் கல்லில் மெழுகு மஞ்சளித்து, மேலே வருகிற தூசியையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பிசுக்கு மாதிரிச் சுருண்டு வந்தால் மெழுகு இருக்கிறது. அதை முழுக்க எடுக்காமல் மெசின் ஏற்றினால் பேட் எல்லாம் அடைபட்டுப் போகும்.

மலைச்சாரல்:

பாஸ் அண்ணே, அக்கா, ஐயா, மூன்று பேருக்கும் நன்றி. இன்று காலை தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அந்தச் சாம்பல் கோடு அப்படியே எழும்பி வந்தது, பக்கத்தில் நின்ற பெரியவர் குனிந்து கையால் தடவிவிட்டு ஒன்றும் பேசவில்லை. டைல்ஸ் பேச்சு அதோடு நின்றுவிட்டது. துர்க்கை அம்மன் பக்கம் சுரண்டினால் மெழுகும் வருகிறது. ஒரு சந்தேகம், நுவரெலியாவில் விசாரித்த ஆள் கடைசியில் ஒக்சாலிக் அசிட் தூள் போட்டு மினுக்குவேன் என்கிறார். அசிட் ஆகாது என்கிறீர்கள், இது என்ன?

பாஸ்_பண்டாரவளை:

நல்ல கேள்வி. அது சரியான வேலைதான். டொய்லட் அசிட் கல்லைக் கரைத்துக்கொண்டே போகும். ஒக்சாலிக் கல்லோடு சேர்ந்து கரையாத மெல்லிய படலமாக நிற்கும், அதைப் பேடால் தேய்க்கத் தேய்க்க மினுக்கம் ஏறும். ஆனால் விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள், முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

சீலர், அதாவது கறை ஊறாமல் தடுக்கிற பூச்சு, கடைசியாக. கல்லுக்குள் ஊறுகிற வகைதான் வாங்க வேண்டும், மேலே பிளாஸ்டிக் தோல் மாதிரி நிற்கிறது வேண்டாம், உங்கள் ஊர் ஈரம் கீழிருந்து ஏறி உள்ளேயே அடைபட்டுக் கல்லைக் கெடுக்கும். மெசின் வேலையைக் கார்த்திகையிலேயே முடித்துவிட்டு, தை பிறந்து மழை விட்டு நாலைந்து நாள் நல்ல வெயில் கண்ட பிறகு சீலர் பூசுங்கள். சீலர் எண்ணெயைத் தடுக்கும், எலுமிச்சையைத் தடுக்காது. விளக்குப் போடுகிற பெண்களுக்கு ஒரு கருங்கல் பலகை வைத்துக் கொடுங்கள், கருங்கல்லை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. வாசலில் சாக்கு விரித்து வாரம் ஒரு தடவை உதறுங்கள், காலில் வருகிற மணல்தான் உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது. தினமும் துடைக்க வெறும் தண்ணீர் போதும்.

மெசின் ஏற்றுகிற அன்றைக்கு முதலில் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கல்லில் 3000 வரை முழுசாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் மிச்சம். அந்தக் கல்லின் படத்தை இங்கே போடுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.