நிலவறைச் சுவரில் பவளத்திட்டுத் தொட்டி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்கு அருகே நாங்கள் கட்டிவரும் வீட்டின் நிலவறையில், சுவருக்குள் பதித்தாற்போல் 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை அமைக்க விரும்புகிறேன். நிரப்பினால் ஏறத்தாழ 680 லிட்டர்; நீர் மட்டுமே 700 கிலோவை நெருங்கும் என்பதால், தாங்குமேடையைக் கான்கிரீட்டிலேயே வார்த்துவிட்டோம்.

கவலை எடையைப் பற்றியதன்று, ஈரத்தைப் பற்றியது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் கிணற்றின் நீர்மட்டம் மளமளவென்று ஏறிவிடும் (இந்த மண்ணில் நிலவறை கட்டுவதே வீம்பு என்று கொத்தனார் முதல் நாளே சொன்னார்). வெளியிலிருந்து கசியும் ஊற்றுநீரும் தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்பும் சேர்ந்து சுவருக்குள் இருக்கும் கம்பிகளை அரித்துவிடாமலிருக்க, எவ்வகை நீர்த்தடுப்புப் பூச்சு நீடிக்கும் என்பதையும், ஈரக்காற்றை வெளியேற்ற ஒரு விசிறி போதுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தொட்டி நீரை 25 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும்; சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றால் குளிர்விப்பானையும் நீரோட்ட மோட்டாரையும் இன்வெர்ட்டரில் ஓட்டியவர்கள் உண்டா? தரங்கம்பாடிக் கடல் பக்கத்தில்தான் என்றாலும், கலங்கலான கரையோர நீரைவிட ஆர்.ஓ. நீரில் உப்புக் கலப்பதே நல்லதென்று நினைக்கிறேன்.

கல்பவளங்கள் (பவளத்திட்டுகளைக் கட்டும் கடல் உயிரினங்கள்) 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், நம் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தவற்றை வாங்க மாட்டேன். மீன்களையும் செயற்கைப் பாறைகளையும் மட்டும் வைத்தவர்கள் தங்கள் தொட்டியின் படத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.